சீனன்குடாவில் முதலில் வந்தது ஊரா, ரயிலா?

தம்பி, கொழும்பிலிருந்து இரவு மெயிலில் திருகோணமலைக்கு வரும்போது விடியப்புறம் சீனன்குடாவில் கண் விழித்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் பக்கத்தில் இத்தனை தண்டவாளம் கிடக்கிற ஸ்டேசனில் பத்துப் பேர்கூட இறங்கவில்லையே, இந்த ஊர் எப்படி உருவானது, ரயில் வந்ததால் ஊர் வந்ததா அல்லது ஊர் இருந்ததால் ரயில் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டது நல்ல கேள்வி. நான் அந்த ஊரில் வளர்ந்தவன், என் தகப்பனார் ரயில்வேயில் பாதை பார்க்கும் வேலை செய்தவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

நேராகச் சொன்னால், ரயில்தான் முதலில் வந்தது. ஆனால் அது ஆட்களை ஏற்ற வந்த ரயில் இல்லை. சீனன்குடா சாமான் ஏற்றி இறக்கி வளர்ந்த ஸ்டேசன். ஊர் என்பது, அந்தச் சாமானோடு சாமானாக வந்து வேலை முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்ட ஆட்கள்தான். ஆகவே இந்த ஊரின் கதை தெரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு காலத்திலும் அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் என்ன வந்து குவிந்தது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

முதலில் ரயிலுக்கு முந்தைய காலம். இலங்கையில் முதல் ரயில் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் கண்டிக்குப் போனது. அது கோப்பித் தோட்டங்களுக்காகப் போட்ட பாதை. மலையில் விளைந்ததைக் கப்பலுக்குக் கொண்டுவர வேண்டும், மலைக்கு அருகே இருக்கிற துறை கொழும்பு. உண்மையில் கொழும்பு அப்போது நல்ல துறைமுகமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் நிற்க முடியாது. அதனால் 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, 1885இல் முடித்தார்கள். இயற்கையே கட்டிக் கொடுத்த, எந்தக் காற்றிலும் கப்பல் அசையாமல் நிற்கிற துறைமுகம் திருகோணமலையில் கிடக்க, இல்லாத துறைமுகத்தைக் கொழும்பில் கல் போட்டு உண்டாக்கினார்கள். எங்கள் ஊர்க்காரர் இதைச் சொல்லி ஆறாமல் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் காரணம் எளியது. திருகோணமலைக்குப் பின்னால் இருந்தது காடும் குளமும் வயலும். கப்பலில் ஏற்ற ஒரு பயிர் இல்லை. துறைமுகம் எவ்வளவு ஆழம் என்பதைவிட, அதற்குப் பின்னால் என்ன விளைகிறது என்பதுதான் ரயில் எங்கே போகும் என்பதைத் தீர்மானித்தது.

வடக்கே 1905இல் கொழும்பும் யாழ்ப்பாணமும் ரயிலால் இணைந்துவிட்டன. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் திறந்தாயிற்று. அதற்குப் பிறகும் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு அங்குலம் தண்டவாளம் இல்லை. திருகோணமலைக்காரர் கொழும்புக்குப் போக வேண்டுமென்றால், தீவைச் சுற்றி ஓடிய கரையோர நீராவிக் கப்பலைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் காட்டு றோட்டில் போக வேண்டும். மலேரியாக் காய்ச்சல் அந்தப் பாதையில் போகிற எவரையும் விட்டு வைக்கவில்லை.

அப்புறம்தான் மட்டக்களப்பு - திருகோணமலை இலகு ரயில் பாதை என்ற திட்டம் வந்தது. வடக்குப் பாதையில் மாகோ என்ற இடத்தில் பிரிந்து, கலாவெவ, கெக்கிராவ, ஹபரணை வழியாகக் கல்ஓயா என்ற காட்டுச் சந்திக்கு வந்து, அங்கே இரண்டாகக் கவர் விட்டு, ஒன்று திருகோணமலைக்கும் மற்றது மட்டக்களப்புக்கும் போகிறது. திருகோணமலைக்கு 1927இல் ரயில் வந்தது. மட்டக்களப்புக்கு அடுத்த வருடம், 1928இல்.

"இலகு" என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பலர் இது களனிப் பள்ளத்தாக்கில் ஓடியதுபோல் சின்னத் தண்டவாளம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொழும்பு - யாழ்ப்பாணப் பாதையைப் போலவே இதுவும் 5 அடி 6 அங்குல அகலப் பாதைதான். பெட்டி மாற்றாமல் கொழும்பிலிருந்து நேரே வர முடிந்தது அதனால்தான். இலகு என்றது செலவைக் குறைத்துப் போட்டதை. எடை குறைந்த தண்டவாளம், முடிந்தவரை நிலத்தின் போக்கிலேயே போகிற பாதை, குறைந்த வேகம். கல்ஓயாவுக்கு இப்பால் ரயில் ஏன் மாட்டு வண்டி மாதிரி ஆடிக்கொண்டு வருகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதற்குப் பதில் அந்த 1920களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மலிவாகப் போட்ட பாதை பிற்காலத்தில் எவ்வளவு திருத்தினாலும் தன் குணத்தை முழுவதும் விடுவதில்லை.

கல்ஓயாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இது அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாத் திட்டம் இல்லை. பெயர் ஒன்று, இடம் வேறு. கல் ஓயா என்றால் சிங்களத்தில் கல்லாறு என்று அர்த்தம், அந்தப் பெயரில் நாட்டில் ஆறுகளுக்குப் பஞ்சம் இல்லை. ரயிலுக்காகவே பிறந்த ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கல்ஓயாச் சந்திதான் சரியான உதாரணம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 225 கிலோமீற்றர், அங்கிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 70, மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 125. சுற்றிக் காடு. ரயில் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிற்க மனிதனுக்கு ஒரு காரணமும் இல்லை.

என் சிறு வயதில் இரவு மெயில் அங்கே வந்து நிற்கும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். கொழும்பிலிருந்து ஒன்றாக வந்த பெட்டிகளை அங்கே வெட்டுவார்கள். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி மற்றப் பக்கம். பெட்டி மாறி ஏறித் தூங்கிப் போனவன் திருகோணமலை என்று நினைத்து வாழைச்சேனையில் கண் விழித்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அதனால் கல்ஓயாவில் ஒருவரும் தூங்குவதில்லை. எங்கள் அம்மா எங்களை எழுப்பி உட்கார வைத்துவிடுவார். வெளியே இருட்டு, அந்த இருட்டுக்குள் லாம்பு வெளிச்சம் ஆடிக்கொண்டு வரும், பெட்டிக்குக் கீழே ஒருவர் குனிந்து கொக்கியைக் கழற்றுகிற இரும்புச் சத்தம் கேட்கும், அப்புறம் ஒரு சின்ன உதறல். அந்த உதறல் வந்தால் மட்டக்களப்புக்காரர் எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யன்னலோரம் "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று ஒரு குரல் மட்டும் நடந்துபோகும்.

காடு என்றேன். யானைக் காடு. ஹபரணை, கல்ஓயா, மின்னேரியாப் பகுதி யானைகள் காலம்காலமாக நடந்த நிலம். அதன் குறுக்கே தண்டவாளம் போனது. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் ஹபரணைப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதி 6 யானைகள் செத்துப்போயின. ரயிலும் தடம் புரண்டது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவில் அந்தப் பகுதியில் ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள், நேரம் பிந்துகிறது என்று பயணிகள் முணுமுணுக்கிறார்கள். அரை மணித்தியாலம் பிந்தி வந்து இறங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்ஓயாவுக்கு இப்பால் அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் என்று ஸ்டேசன்கள் வருகின்றன. இவற்றை வேகமாகவே கடந்து போகிறேன். கந்தளாயை மட்டும் விட முடியாது. பெரிய குளம், அதை நம்பிய வயல். 1950களில் குடியேற்றத் திட்டம் வந்து ஊரின் ஆள்தொகையே மாறியது. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கட்டிய சீனி ஆலை ஓடியது. சுற்றிலும் கரும்பு. அந்த ஆலை 1993இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறம் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை வெள்ளம் கொண்டுபோனது. அந்த வருடச் சித்திரையைக் கந்தளாய்க்காரர் இன்னும் பேசுகிறார்கள்.

தம்பலகாமம் நெல்லுக்குப் பெயர்போன ஊர், ஆதி கோணேசர் கோயில் இருக்கிற ஊர். அங்கே இன்னொரு விசேஷம், சில குடியிருப்புகளுக்குப் பெயரே மைல் கல்தான். 96ஆம் கட்டை, 98ஆம் கட்டை, 99ஆம் கட்டை என்று. கண்டி றோட்டில் அந்தந்த மைல் கல்லைச் சுற்றி எழும்பிய ஊர்கள். அங்கெல்லாம் ஊருக்குப் பெயர் கொடுத்தது றோட்டு, ரயில் இல்லை. தம்பலகாமத்துக்காரருக்கு ரயில் வருவதற்கு முன்பே வயலும் கோயிலும் றோட்டும் இருந்தன. ரயில் அவர்களுக்கு ஒரு வசதி. சீனன்குடாவின் கதை வேறு.

சரி, சீனன்குடாவுக்கு வருவோம். பெயர் பழையது. சீனக் கப்பல்கள் வந்து ஒதுங்கிய குடா என்று எங்கள் ஊரில் வாய்வழியாகச் சொல்வார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் படத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அது ஒரு குடா இல்லை, குடாவுக்குள் குடா, அதற்குள் இன்னொரு குடா. பட்டணம் கிழக்கே ஒரு மூலையில் இருக்கிறது. சீனன்குடா மேற்கே மறு மூலையில். தம்பலகாமத்திலிருந்து வருகிற ரயில் முதலில் இந்த மேற்கு மூலையில்தான் துறைமுகத் தண்ணீரைத் தொடுகிறது. பிறகு உட்துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போய், பட்டணத்துக்கு வடக்கே கடற்கரைப் பக்கமாக முடிகிறது. பட்டணத்துக்கு முந்திக் கப்பல் அணையக்கூடிய ஆழத் தண்ணீரும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற இடம் இது. பிற்காலத்தில் சீனன்குடாவுக்கு வந்ததெல்லாம் இந்த ஒரு வசதியைப் பார்த்து வந்ததுதான்.

முதலில் வந்தது எண்ணெய். முதலாம் உலகப்போர்க் காலத்தோடு பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்டுவதென்று முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு கப்பற்படையே போக வேண்டுமென்றால் நடுவழியில் எண்ணெய் நிரப்ப இடம் வேண்டும். அதற்குத் திருகோணமலையைத் தேர்ந்தார்கள். சீனன்குடாவுக்குப் பின்னாலுள்ள மேட்டுக் காட்டில் 1920களில் தொடங்கி 1930கள் வரை 101 எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேர்த்து வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிகள், கட்டினார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 இலட்சம் தொன் கொள்ளும். நிலத்துக்கடியில் குழாய் போட்டுக் கப்பல் மேடையோடு இணைத்தார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். திருகோணமலை ரயில் பாதை இரண்டாம் உலகப்போருக்காகப் போட்டது என்று பலர் எழுதுகிறார்கள். வருடத்தைப் பாருங்கள். ரயில் வந்தது 1927. ஜப்பான் போரில் இறங்கியது 1941 டிசம்பர். பதினான்கு வருட இடைவெளி. போர் வந்தபோது ரயிலும் குதமும் ஏற்கனவே தயாராக இருந்தன.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி காலை, திருகோணமலைக்கு வந்தார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களை முதல் நாளே வெளியே போகச் சொல்லியிருந்ததால் பெரிய சேதம் கடலில்தான் நடந்தது. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் பிடித்து மூழ்கடித்தார்கள். அதில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே சீனன்குடா விமானத்தளம் அடிபட்டது. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் போய் விழுந்தது. அந்தக் குதம் ஏழு நாள் எரிந்தது என்பார்கள். இரும்புத் தகடு மெழுகு மாதிரி உருகிச் சரிந்து கிடப்பதைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் உண்டு. அந்த விமானியைக் காமிகாசி, அதாவது விமானத்தோடு மோதிச் சாகவென்றே அனுப்பப்பட்ட தற்கொலை விமானி, என்று எழுதுவது சரியில்லை. காமிகாசிப் படை என்று ஒன்று உண்டானதே 1944இன் கடைசியில்.

அதைவிட எனக்கு வியப்பானது 1944இல் நடந்தது. ஆகஸ்ட் 10ஆம் திகதி மாலை, அந்தக் காலத்தின் மிகப் பெரிய குண்டுவிமானமான அமெரிக்க பி-29 விமானங்கள் 54, சீனன்குடாவிலிருந்து கிளம்பின. கடலைத் தாண்டி சுமாத்ராவிலுள்ள பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். போய்வர 6,000 கிலோமீற்றருக்கு மேல். அதற்காகவே சீனன்குடாவின் ஓடுபாதையை நீட்டினார்கள். இன்று நீங்கள் யன்னலால் பார்த்த புல்வெளிக்கு அப்பால் இருக்கிற அதே ஓடுபாதைதான், இப்போது இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிற இடம். அந்த விமானங்கள் கிளம்புவதற்கு இரண்டு நாளுக்கு முன், 8ஆம் திகதி, துறைமுகத்துக்குள் மிதந்த பெரிய கப்பற்பட்டறை, வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கியபடியே உடைந்து மூழ்கியது. ஒரே கிழமையில் இரண்டும்.

அந்த வருடங்களில் ரயில் ஓய்ந்ததே இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். படை ஆட்கள், அவர்களின் சாப்பாடு, லீவில் தியத்தலாவ ஓய்வு முகாமுக்குப் போகிற மாலுமிகள் என்று எல்லாம் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் போய்வந்தன. கடலோர வெயிலில் வெந்தவர்களுக்கு மலைக் குளிரைக் காட்ட இந்த ரயில்தான் வழி. மேடையில் வெற்றிலை, பழம், அவித்த முட்டை விற்றவர்கள் கொஞ்சக் காலம் நன்றாக வாழ்ந்தார்கள். சீனன்குடாவில் கடை என்று ஒன்று வந்தது அப்போதுதான். ஊர் பிறந்த காலம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் 1957. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் காலத்தில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் விமானத் தளங்களையும் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். நாட்டுக்கு அது பெருமையான நாள், அதை மறுக்கிறவன் நான் இல்லை. ஆனால் கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் அடுப்பு அத்தோடு அணைந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கேரளத்திலிருந்து வந்த மலையாளிகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் சீனன்குடா, பாலையூற்று, உவர்மலைப் பக்கம் கிடைத்த துண்டு நிலத்தில் தங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் கடைசிவரை இரும்புப் பெட்டி ஒன்றில் தன் பட்டறை ஆயுதங்களை எண்ணெய் பூசி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருதரம் எடுத்துத் துடைப்பார். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நம்பியவர் அவர்.

நான் பிறந்தது அதற்குப் பிந்திய அமைதியான காலத்தில். ஸ்டேசனுக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தோம். நான் பார்த்து வளர்ந்த ஸ்டேசனை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மணி என்பது தொங்கவிட்ட ஒரு முழம் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் குடா வரை கேட்கும். ஒற்றைப் பாதை என்பதால், எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்கு டப்லட் முறை. நிலைய அதிபரின் அறையில் சிவப்புப் பெட்டி மாதிரி ஒரு கருவி இருக்கும். அடுத்த ஸ்டேசன்காரர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே அதிலிருந்து ஒரு உலோக வட்டு வெளியே வரும். உள்ளங்கை அளவு வட்டு. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அந்த வட்டு கையில் இருக்கிறவனுக்குத்தான் அந்தத் துண்டுப் பாதை சொந்தம். அது இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது. ரயில் முழுக்க நிற்காமல் மெதுவாகப் போகும்போதே, ஓட்டுநரின் ஆள் கையை வளைத்து நீட்ட, கீழே நிற்பவர் வளையத்தை அந்தக் கையில் கோத்துவிடுவார். பழைய வளையம் அதே நேரத்தில் மேடையில் விழுந்து உருளும். அதை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பது எங்கள் விளையாட்டு. இரண்டு வட்டு ஒரே நேரத்தில் வெளியே வராது என்ற அந்த ஒரு ஏற்பாட்டில்தான் எத்தனையோ ஆயிரம் பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

1970களின் கடைசியில் மீண்டும் ஆழத் தண்ணீரும் தண்டவாளமும் பக்கத்தில் இருக்கிற இடத்தைத் தேடி ஒருவர் வந்தார். இம்முறை கோதுமை. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு 1977இல் ஒப்பந்தமாகி, 1980இல் மா ஆலை ஓடத் தொடங்கியது. அதுவரை நாட்டுக்குத் தேவையான கோதுமை மாவின் பெரும்பகுதி அரைத்த மாவாகவே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது. இப்போது கோதுமை கப்பலோடு சீனன்குடாவுக்கு வந்து, இங்கே அரைபட்டு, மூட்டை மூட்டையாக ரயிலேறிக் கொழும்புக்குப் போனது. கொழும்பிலிருந்து வாங்கியே பழகிய கிழக்கு, முதல்தடவையாகக் கொழும்பின் காலைச் சாப்பாட்டை அனுப்பியது. மருதானையில் சுட்ட பாணுக்கும் கண்டியில் சுட்ட பாணுக்கும் மா எங்கள் ஊரிலிருந்து போனது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நீங்கள் பார்த்த அந்தப் பக்கத்துத் தண்டவாளங்களுக்கு உயிர் கொடுத்தது மாதான். மாக் கோச்சி, அதாவது மா கொண்டுபோகிற ரயில், ஏற்றுகிற நாளில் எங்கள் தெருவில் எல்லாமே வெள்ளை. ஏற்றுகிற ஆட்கள் சாக்கைத் தலையில் முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு, பெட்டிக் கதவுக்கும் பலகைக்கும் இடையில் ஓடுவார்கள். கண்ணிமையில் மா, காதில் மா. வேர்வையோடு சேர்ந்து முதுகில் பசை மாதிரி கோடு கோடாக இறங்கும். வேலை முடிந்து அவர்கள் கிணற்றடிக்கு வந்து முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது கீழே ஓடுகிற தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். கடைக்காரர்களுக்கும் தேத்தண்ணிக் கொட்டிலுக்கும் இரண்டாவது நல்ல காலம் அது. அதே ஆண்டுகளில் பக்கத்துக் கொட்பேயில் டோக்கியோ சீமெந்து ஆலையும் வந்தது.

பிறகு 1983. உள்நாட்டுப் போர். அதற்குப் பிந்திய 26 வருடத்தைப் பற்றி நீளமாக எழுத இது இடமில்லை, எழுதினால் நிறுத்தவும் முடியாது. ரயில் நின்றும் ஓடியும் வந்தது. பாதை நெடுகப் படையினரின் காவலரண், சென்ட்ரி. பகலில் தண்டவாளத்தை நடந்து பார்த்த பிறகுதான் ரயிலை விடுவார்கள். அந்த நடக்கிற வேலை என் தகப்பனார் போன்றவர்களுடையது. சிலிப்பர் கட்டை சிலிப்பர் கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார். சரளைக் கல் புதிதாகக் கிளறியிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய கண்ணுக்கு அப்படிப் பழகிப் போனது. ஓய்வு பெற்ற பிறகும் முற்றத்து மணலில் ஒரு இடம் கிளறிக் கிடந்தால் தாண்டிப் போக மாட்டார், நின்று பார்ப்பார். அவரோடு வேலை செய்த இருவர் ஒரு காலை போனவர்கள் திரும்பவில்லை. சீனன்குடாவில் தெருவுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடந்த காலம் அது. நாங்களும் 1990இல் பட்டணப் பக்கம் போனோம். நீங்கள் கேட்டீர்களே, இவ்வளவு பெரிய ஸ்டேசனில் ஏன் ஆள் இறங்குவதில்லை என்று. ஸ்டேசனைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதி எப்போதுமே படைக்கும் ஆலைக்கும் குதத்துக்கும் உரியது. மிச்சத்தில் இருந்த குடும்பங்களிலும் பல அந்த வருடங்களில் போய்விட்டன. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

குதங்களின் கதை இன்னும் முடியவில்லை. 1987 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே அவற்றை இரு நாடும் சேர்ந்து நடத்துவது பற்றிப் பேச்சு இருக்கிறது. 2003இல் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்: 14 குதம் லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கு. கூட்டிப் பாருங்கள், 99. கட்டியது 101. ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன் கட்டிய இரும்புக் குதத்துக்கு இன்றும் இரண்டு நாடும் ஒப்பந்தம் போடுகின்றன. பெரும்பாலானவற்றின் மேல் காடு ஏறிவிட்டது. மரத்துக்கு நடுவில் வட்ட வட்டமாகத் துருப்பிடித்து நிற்கின்றன.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள், இறங்கிப் பார்க்க அங்கே ஏதாவது இருக்கிறதா என்று. குதப் பக்கமும் விமானத் தளமும் உள்ளே விடமாட்டார்கள், படமும் எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்டேசனில் இறங்கலாம். மேடையின் முடிவுவரை நடந்து, பக்கத்துத் தண்டவாளங்களைப் பாருங்கள். மேற்பக்கம் பளபளவென்று இருந்தால் அதில் இன்னும் வண்டி ஓடுகிறது, செம்பழுப்பாக இருந்தால் ஓடி நாளாகிவிட்டது. என் தகப்பனார் எனக்குக் காட்டித் தந்த கணக்கு அது. போன மாதம் நான் போனபோது பிரதான பாதையோடு சேர்த்து இரண்டு பளபளவென்று இருந்தன. ஒன்றின் சிலிப்பர் இடுக்கில் சிந்திய கோதுமை முளைத்து, விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது.